கிரே பைன் கிளையில் இலையே இல்லாமல் முளைத்திருப்பது என்ன? மரம் பட்டுப்போகுமா?

கலிஃபோர்னியாவின் சப்பரல் புதர்க்காடுகளில் நிற்கும் கிரே பைன் மரங்களில், மஞ்சளும் பச்சையுமாகக் கணுக்கணுவாகக் கொத்தாக நீட்டிக்கொண்டிருப்பது குட்டைப் புல்லுருவி. ஒரு சாண் உயரம்கூட வராது. இலைகள் வெறும் செதில்களாகச் சுருங்கிவிட்டதால், தண்ணீரோடு உணவின் பெரும்பகுதியையும் மரத்திலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது.

எனக்கு இதில் பெரிய வியப்பு விதைதான். மற்ற புல்லுருவிகளில் பல, விதை பரப்பப் பறவைகளை நம்பியிருக்க, இது தானே விதையைத் தெறிக்கவிடும். காய்க்குள் நீரின் அழுத்தம் ஏறி ஏறி, பழுத்ததும் காம்பிலிருந்து கழன்று, விதை மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. பத்து மீட்டருக்கு அப்பால்கூடப் போய் விழும். விதையைச் சுற்றிப் பிசின் இருப்பதால் பைன் ஊசியிலையில் ஒட்டிக்கொள்ளும். மழை பெய்ததும் பிசின் வழுக்கி, விதை ஊசியின் அடிக்கு இறங்கி முளைக்க, அதன் வேர் இளம் பட்டையைத் துளைத்து உள்ளே நுழையும். அப்புறம் சில ஆண்டுகளுக்கு வெளியே ஒன்றுமே தெரியாது.

மரம் உடனே சாகாது. ஆனால் தொற்று அதிகமானால் வளர்ச்சி குன்றும்; வறட்சியும் பட்டை வண்டும் சேர்ந்தால் ஆபத்துதான். கொத்தை மட்டும் கிள்ளிப் போட்டால் பயனில்லை, உள்ளிருந்து மறுபடி துளிர்க்கும். கிளையையே அடியோடு வெட்டுங்கள்.