கேள்வி–பதில்: பின்களை அமைப்பது யார் பொறுப்பு?

கேள்வி: ஒரு பலகைக்காக லினக்ஸில் சீரியல் போர்ட் டிரைவர் எழுதினேன். சில்லின் கால்களான பின்களை யூஆர்ட் (சீரியல் தரவை அனுப்பிப் பெறும் சுற்று) பணிக்கு மாற்றும் ரெஜிஸ்டரில், அதாவது சில்லின் அமைப்பைக் குறிக்கும் நினைவிடத்தில், சாதனத்தைத் தொடங்கிவைக்கும் ப்ரோப் ஃபங்ஷனுக்குள்ளேயே நேரடியாக எழுதிவிட்டேன். என் பலகையில் நன்றாக இயங்குகிறது. அதே சில்லு உள்ள வேறொரு பலகையில் தரவு வரவில்லை. அங்கே எரிந்துகொண்டிருந்த எல்இடியும் சில நேரங்களில் அணைந்துவிடுகிறது. தவறு எங்கே?

பதில்: டிரைவருக்குத் தெரிய வேண்டாத ஒரு செய்தியை அதற்குள் எழுதியிருக்கிறீர்கள். இன்றைய சில்லுகளுக்குள் இருக்கும் பணிகள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்களைவிட மிக அதிகம். அதனால் ஒரே பின் யூஆர்ட்டாகவோ, எஸ்பிஐ என்ற மற்றொரு தொடர் இணைப்பாகவோ, நிரலே நேரடியாக இயக்கும் வெறும் ஜிபிஐஓவாகவோ மாறக்கூடியதாக இருக்கும், ஒரே யூஆர்ட்டின் அனுப்பும் தடமும் இரண்டு மூன்று இடங்களில் வெளிவரக்கூடியதாக இருக்கும். அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பலகையை வடிவமைத்தவர் முடிவு செய்கிறார். உங்கள் டிரைவர் அறிந்திருப்பது சீரியல் கண்ட்ரோலரை மட்டுமே. இரண்டாவது பலகையில் யூஆர்ட் வேறு பின்கள் வழியாக வெளிவருகிறது என்றே நினைக்கிறேன்.

எல்இடி அணைவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். நீங்கள் மாற்றிய பின்னிலேயே அது இணைக்கப்பட்டிருந்தால், ஜிபிஐஓவாக இருந்த அந்தப் பின்னை அதன் டிரைவருக்குத் தெரியாமல் நீங்கள் பறித்துக்கொண்டீர்கள். மற்றொன்று கண்டுபிடிக்கக் கடினமானது. பல சில்லுகளில் ஒரே ரெஜிஸ்டருக்குள் அடுத்தடுத்த பல பின்களின் அமைப்பு பிட்டுகள் சேர்ந்தே இருக்கும். நீங்கள் அந்த ரெஜிஸ்டரைப் படித்து, சில பிட்டுகளை மாற்றி, திரும்ப எழுதும் இடைவெளியில் இன்னொரு டிரைவரும் அதையே செய்தால், பின்னால் எழுதியவர் முன்னால் எழுதியவரின் மாற்றத்தை அழித்துவிடுவார். உங்கள் பலகையில் இது ஒருமுறைகூட நிகழாமல் போயிருக்கலாம். அதனாலேயே இதை ஆபத்தானது என்கிறேன்.

இதற்காகத்தான் கெர்னல் உருவாக்குநரான லினஸ் வாலீ 2011-இல் பின்கண்ட்ரோல் என்னும் துணை அமைப்பை லினக்ஸின் மையமான கெர்னலுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஏஆர்எம் சில்லுக் குடும்பங்கள் பலவும் இதே வேலைக்குத் தனித்தனி நிரல்களை வைத்திருந்தன. இப்போது அந்த ரெஜிஸ்டர்களைத் தொடும் உரிமை பின் கண்ட்ரோலரின் டிரைவருக்கு மட்டுமே உண்டு. இருவர் ஒரே நேரத்தில் மாற்றாதபடி பூட்டைப் பிடிப்பதும் அதன் வேலை. எந்தப் பின் யாரிடம் இருக்கிறது என்ற கணக்கைத் துணை அமைப்பு வைத்துக்கொண்டு, ஒருவரிடம் உள்ள பின்னை வேறொரு சாதனம் தன் பணிக்குக் கேட்டால் மறுத்துவிடுகிறது. பலகையின் அமைப்பை, வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் 'டிஃபால்ட்' என்ற நிலையாக எழுதிவிட்டால், ப்ரோப் தொடங்குவதற்கு முன்பே கெர்னல் அதை அமைத்துவிடும்; 2013-இல் வந்த இந்த வசதியால் உங்கள் டிரைவரில் பின்னைப் பற்றி ஒரு வரிகூடத் தேவையில்லை. ஆகவே அந்த வரிகளை நீக்கிவிடுங்கள். பிறகும் ஐயம் இருந்தால், கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் உள்ள பின்கண்ட்ரோல் அடைவைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பின்னும் யார் வசம் என்று அங்கே தெரியும்.

கேள்வி: ஐ2சி என்ற இருகம்பித் தொடர் இணைப்பில் உள்ள சென்சார் ஒன்று 400 கிலோஹெர்ட்ஸில் சில சமயம் மட்டுமே பதில் தருகிறது. சில்லின் உள் புல்-அப்பை (தடத்தை உயர் மின்னழுத்தத்துக்கு இழுக்கும் மின்தடையை) டிவைஸ் ட்ரீயில் இயக்கியிருக்கிறேன். அது போதாதா?

பதில்: போதாது. உள் புல்-அப் பெரும்பாலும் பல்லாயிரம் ஓம் இருக்கும். தடத்தின் மின்தேக்குதிறன் 100 பிக்கோஃபாரட் என்றும் புல்-அப் 50 கிலோஓம் என்றும் கொண்டால், இரண்டையும் பெருக்கி 0.85-ஆல் பெருக்கும்போது மின்னழுத்தம் உயர ஏறத்தாழ 4.25 மைக்ரோவினாடி ஆகிறது. இந்த வேகத்தில் ஐ2சி அனுமதிப்பது 0.3 மைக்ரோவினாடிதான். பலகையில் 2.2 கிலோஓம் மின்தடையை வைத்தால் அதே கணக்கு 0.19 மைக்ரோவினாடி தரும். மின்தடையை வெளியே வைத்துவிட்டு, உள் புல்-அப்பை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: உறக்கத்தின்போது பின்கள் இருக்க வேண்டிய 'ஸ்லீப்' நிலையையும் டிவைஸ் ட்ரீயில் எழுதினேன், ஆனால் உறக்கத்தில் மின்செலவு குறையவில்லை.

பதில்: 'டிஃபால்ட்' தானாக அமைவதுபோல 'ஸ்லீப்' தானாக அமைவதில்லை. உறங்கும்போது இயங்கும் டிரைவரின் சஸ்பெண்ட் ஃபங்ஷனில் அந்த நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விழிக்கும்போது இயங்கும் ரிஸ்யூமில் மறவாமல் 'டிஃபால்ட்'டுக்குத் திரும்ப வேண்டும். அதன் பிறகும் குறையாவிட்டால் சுற்றுப்படத்தைக் கையில் எடுங்கள். எதனோடும் இணையாமல் மிதக்கும் உள்ளீட்டுப் பின், இடைப்பட்ட மின்னழுத்தத்தில் நின்று மின்னோட்டத்தை வீணாக்கும். அதற்குப் பயந்து எல்லாப் பின்களுக்கும் புல்-அப் கொடுப்பதும் தவறு. எதிர்ப்பக்கத்துச் சில்லுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தால், அதன் பாதுகாப்பு டையோடு வழியாக மின்னோட்டம் கசியும். அத்தகைய பின்களுக்குத் தாழ்நிலைக்கு இழுக்கும் புல்-டவுனே பொருத்தம். கருவியை விழிக்க வைக்கும் பின்னை மட்டும் இவற்றோடு சேர்த்து மாற்றிவிடாதீர்கள்.