பார்வை தெளிவாக இருந்தும் விழித்திரையில் பாதிப்பு ஏன்?

வணக்கம் ஐயா. ஏற்காட்டில் வசிக்கும் தங்கள் தந்தைக்கு 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், நாளிதழைக் கண்ணாடியின்றிப் படிக்கும் அவருக்கு விழித்திரையில் கசிவு உள்ளதென்று சேலத்து மருத்துவர் கூறியதை நம்ப முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அன்புகூர்ந்து அதைப் புறக்கணிக்காதீர்கள்.

தசைச் செல்லுக்குள் குளுக்கோஸ் தாராளமாக நுழைய இன்சுலின் தேவை. விழித்திரை நுண்குழாய்களின் செல்களுக்கு அந்தக் காவல் இல்லாததால், இரத்தத்தில் ஏறும் சர்க்கரை உள்ளேயும் ஏறிவிடுகிறது. அந்த மிகுதியால் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா சூப்பராக்சைடு என்னும் தீங்கான ஆக்சிஜன் வடிவத்தை வெளியிட, சர்க்கரையின் ஒரு பகுதி சார்பிட்டால் என்னும் வேறொரு பொருளாக மாற, இன்னொரு பகுதி புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றின் இயல்பைக் கெடுக்க, குழாய்களை வெளிப்புறமிருந்து தாங்கும் பெரிசைட் செல்கள் தொடக்கத்திலேயே மடிகின்றன. தாங்கல் இழந்த சுவர் புடைத்துக் கசிகிறது. சில குழாய்கள் அடைபட்டால், ஆக்சிஜன் கிட்டாத விழித்திரை விஇஜிஎஃப் என்னும் புரதத்தைச் சுரக்கிறது. அதனால் முளைக்கும் புதிய குழாய்கள் எளிதில் உடைபவை. கண்ணுக்குள் போடும் ஊசி இப்புரதத்தையே தடுக்கிறது. கசிவு விழித்திரையின் மையமான மாக்குலாவைத் தொடும்வரை எழுத்து மங்காமலிருக்கலாம் என்பதே இந்நோயின் கொடுமை.

முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தீவிரச் சர்க்கரைக் கட்டுப்பாடு விழித்திரைப் பாதிப்பு தோன்றும் வாய்ப்பை 76 விழுக்காடு குறைத்தது. இரண்டாம் வகைக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டையும் கட்டுப்படுத்துவது பயன் தரும்.

மறு பரிசோதனையில் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இடுவார்கள். சில மணி நேரம் பார்வை மங்குமாதலால், ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அவரே வண்டி ஓட்டித் திரும்ப விடாதீர்கள்.