உங்கள் ஊர் நண்பகல்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு அறிவியல் கூட்டம் நடத்துகிறோம். பேராசிரியர்களை அழைத்துவந்து பேச வைக்கிறோம். இருபது பேர் வந்தால் அதிகம். எல்லாம் யூடியூபிலேயே கிடைக்கிறது. மக்களுக்கு ஆர்வம் போய்விட்டது. நிறுத்திவிடலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கூட்டத்தை நிறுத்தாதீர்கள். மக்களைக் குறை சொல்வதை நிறுத்துங்கள்.

நீங்கள் அனுப்பிய அழைப்பிதழைப் பார்த்தேன். வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. கேள்விகளுக்கென்று ஒரு வரி இல்லை. தலைப்போ குவாண்டம் இயற்பியலின் அண்மைக்கால வளர்ச்சி. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து உட்காருகிறவருக்கு அங்கே கைதட்டுவதைத் தவிர வேறு வேலை வைத்திருக்கிறீர்களா?

யூடியூபால் செய்ய முடியாத ஒன்றைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் எல்லா ஊருக்கும் ஆண்டில் இரண்டு நாள் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதுதான் நிழலில்லா நாள். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10, 11 வாக்கில் வரும். சென்னைக்கு 24 வாக்கில். உங்கள் தஞ்சாவூருக்கு ஏப்ரல் 18-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 25-ஐ ஒட்டி மறுமுறை. கடிகாரத்தில் 12 அடிக்கும்போது அல்ல, ஏப்ரலில் சுமார் 12.13-க்கு. நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகையைப் பார்த்து ஓடுகிறது. நீங்கள் அதற்கு மேற்கே இருக்கிறீர்கள், சூரியன் உங்கள் உச்சிக்கு வரக் கொஞ்சம் தாமதமாகும். சென்னையில் எடுத்த காணொளியில் உங்கள் ஊர் நண்பகல் கிடைக்காது. ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழல் குறுகிக் குறுகி அடியில் ஒடுங்குவதைப் பார்க்கிற பிள்ளை, "நாளைக்கும் இப்படி இருக்குமா?" என்று கேட்கும். பதில் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கும் வரச் சொல்லுங்கள்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-இல் தொடங்கியது. 1987-இல் நாடு தழுவிய அறிவியல் கலைப்பயணம், பாட்டும் வீதி நாடகமுமாகக் கிராமம் கிராமமாகப் போய், விஷவாயு வெளியேறிய போபாலில் முடிந்தது. மக்கள் இருக்கும் இடத்துக்கு அறிவியல் நடந்துபோனது. நீங்களோ மண்டபத்தில் உட்கார்ந்து மக்களை வரச் சொல்கிறீர்கள்.

2019 டிசம்பர் 26 காலை வளையச் சூரிய கிரகணம் கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியே சென்றது. கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது, சாப்பிடக்கூடாது என்ற பயம் இன்றும் வீடுகளில் இருக்கிறது. உரை நிகழ்த்தி அதைப் போக்க முடியாது. கிரகண நேரத்தில் ஜல்லிக்கரண்டியை வெயிலில் பிடித்தால் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பிறைச் சூரியன் தரையில் விழும். அதைப் பார்த்தபடி பக்கத்து வீட்டு அக்கா இட்லி சாப்பிடுவதைக் கண்டால் பயம் கொஞ்சம் விலகும். தெரிந்த முகம் என்பதால் வருகிற நம்பிக்கை அது.

மழைக்காலத்தில் டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் ஒரு டிரம்மிலிருந்து கொசுப்புழுக்களைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து எல்லோர் கையிலும் கொடுங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையைவிட நல்ல தண்ணீரைத்தான் தேடும், பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்யச் சொல்வது அதனால்தான். எங்கள் தெருவில் இதைச் சொன்னபோது ஓர் அம்மா, "நான் வாரா வாரம் கொட்டுறேனே தம்பி, அப்புறமும் ஏன் வருது?" என்று கேட்டார். முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தேய்த்துக் கழுவ வேண்டும். முக்கியமான இந்தச் செய்தி என் குறிப்பில் இல்லை. அவர் கேட்டதால்தான் சபைக்கு வந்தது.

பேராசிரியர்களை அழையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இருபது நிமிடம் பேசட்டும், நாற்பது நிமிடம் பதில் சொல்லட்டும். வாழ்த்துரைகளை விட்டுவிடுங்கள். இடம் டீக்கடை வாசலாக, ரேஷன் கடைத் திடலாக இருக்கட்டும். வருகிற ஏப்ரல் துண்டறிக்கையில் விருந்தினர் பெயர் இருக்கும் இடத்தில் பெரிய எழுத்தில் நேரத்தை அச்சிடுங்கள்: பகல் 12.13.