பவுண்டரி வேலையை விட்டுவிட்டு சேஃப்டி படிக்கலாமா?

கேள்வி: டிப்ளமா மெக்கானிக்கல் முடித்து, அரசூர்ப் பக்கம் ஒரு பவுண்டரியில் (இரும்பை உருக்கி வார்க்கும் ஆலை) 3 வருடமாக ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். நெபோஷ் (பிரிட்டன் அமைப்பு ஒன்று தரும் பணியிடப் பாதுகாப்புச் சான்றிதழ்) முடித்தால் வளைகுடாவில் சேஃப்டி ஆபீசர் வேலை உறுதி என்கிறது ஒரு பயிற்சி மையம். வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாம் என்றிருக்கிறேன். "இருக்கற வேலைய உட்டுப்போட்டு என்னடா படிப்பு" என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?
- சூலூர் வாசகர்

பதில்: தம்பி, நான் அப்பா கட்சி. படிப்பு வேண்டாம் என்பதற்காக அல்ல; வேலையை விட்டால் அந்தப் படிப்பே சிரமமாகிவிடும்.

நெபோஷ் இன்டர்நேஷனல் ஜெனரல் சர்டிபிகேட்டில் இரண்டு பகுதி. ஒன்று, புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வு. இன்னொன்றில் நிஜமான ஒரு பணியிடத்தை எடுத்துக்கொண்டு குறைந்தது 10 ஆபத்துகளைப் பட்டியலிட்டு, யாருக்கு என்ன நேரலாம், இன்னும் என்ன செய்ய வேண்டும், யார் எப்போதைக்குள் செய்வது என்று எழுத வேண்டும். வேலையை விட்டுவிட்டு எந்த இடத்தை எழுதுவீர்கள், வீட்டு மாட்டுக்கொட்டகையையா?

மழையில் நனைந்த இரும்பு ஸ்கிராப்பை அப்படியே பர்னஸ் உலையில் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டியிருந்த தண்ணீர் நொடியில் ஆவியாகி, உருகிய இரும்பை ஆள் மேல் வாரி இறைக்கும். அதற்கு 'கவனம் தேவை' என்று போர்டு மாட்டினால் போதாது. முதலில் ஸ்கிராப் குவிக்கும் இடத்துக்குக் கூரை, அப்புறம் காயவைத்துப் போடும் ஏற்பாடு, ஆளைத் தள்ளி நிறுத்துவது; முகக்கவசமும் கோட்டும் கடைசியில்தான். இந்த வரிசை மனதில் பதிந்தால் பாதிப் படிப்பு முடிந்த மாதிரி. வார்ப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் பெட்லிங்கில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிக்கிறார்களே, சிலிக்கா தூசிக்கு அந்தத் துண்டு எந்த மூலைக்கு?

சரி, எங்கே வேலை பார்க்கப் போகிறீர்கள்? வளைகுடா என்றால் நெபோஷுக்கு மதிப்பு உண்டு. ஆனால் நெபோஷ் தருவது சான்றிதழ்தான், வேலை அல்ல. 'உறுதி' என்றவர்களிடம் அதை எழுதிக் கேளுங்கள், முகத்தைப் பார்க்கலாம். இங்கேயே சட்டப்படியான சேஃப்டி ஆபீசராக வேண்டுமென்றால் மாநில அரசு அங்கீகரித்த தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமா வேண்டும். சென்னை தரமணியில் உள்ள ரீஜனல் லேபர் இன்ஸ்டிடியூட் அதை நடத்துகிறது. உங்களைப் போன்ற டிப்ளமாகாரருக்கு 5 வருட சூப்பர்வைசர் அனுபவத்தையும் விதி கேட்டு வந்திருக்கிறது. 3 கையில் இருக்கிறது, அதைப் போய் அறுத்துக்கொள்வதா? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பொதுவாக 1000 தொழிலாளருக்குக் குறையாத ஆலைக்கு சேஃப்டி ஆபீசர் கட்டாயம் என்றது. 2020இல் இயற்றிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதை 500 ஆக இறக்கியிருக்கிறது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. நம் பக்கத்து ஷெட்டுகளில் இன்று இந்தியும் ஒடியாவும்தான் அதிகம் காதில் விழுகின்றன, அதையும் யோசியுங்கள்.

நெபோஷ்தான் என்று முடிவெடுத்தால் வார இறுதி வகுப்பாகப் பாருங்கள். ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக எழுதிப் பழக வேண்டும். அடுத்த நைட் ஷிப்டுக்கு ஒரு நோட்டை எடுத்துப் போங்கள். பர்னஸ் மேடையில் ஆரம்பித்து, பார்த்ததை எழுதி வையுங்கள்.