புதுடெல்லியை வடிவமைத்த லட்யன்ஸ் லண்டனில் ஒரு சர்ச் கட்டினாராமே, அதில் என்ன விசேஷம்?

ஆமாம், வடக்கு லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப் என்ற புறநகரில் இருக்கும் செயின்ட் ஜூட் ஆங்கிலிக்கன் தேவாலயம்தான் அது. ஹென்ரியட்டா பார்னெட் என்ற சீர்திருத்தவாதி, பணக்காரரும் ஏழையும் மரஞ்செடிகளுக்கு நடுவே சேர்ந்து வாழணும் என்று 1907-ல் தொடங்கிய குடியிருப்பு இது. கணவர் முன்பு பாதிரியாராக இருந்த வைட்சேப்பல் சர்ச்சின் பெயரைத்தான் இதற்கும் வைத்தார்கள்.

1911-ல் பிரதிஷ்டை நடந்துவிட்டது, ஆனால் மேற்கு முனை முடிய 1935 வரை ஆனது.

கட்டடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது கூரைதான்: உச்சியிலிருந்து சரிந்து கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கே இறங்கி வருகிறது, ஏதோ பெரிய களஞ்சியம் மாதிரி, அதன் மேல் 54 மீட்டர் கூர்கோபுரம். வெளியே வெறும் செங்கல். உள்ளே போனால் சுவரும் விதானமும் வால்டர் ஸ்டார்மர் தீட்டிய ஓவியங்களால் நிறைந்திருக்கும். அப்புறம், முதல் உலகப்போரில் செத்த குதிரைகளுக்கும் ஒரு நினைவுச் சின்னம் உண்டு, போனால் அதைத் தேடிப் பாருங்கள். எதிரே நிற்கும் ஃப்ரீ சர்ச்சும் (ஆங்கிலிக்கன் சபையைச் சேராத புராட்டஸ்டன்ட்டுகளின் தேவாலயம்) லட்யன்ஸ் வடிவமைத்ததுதான், அதற்குக் கூர்கோபுரத்துக்குப் பதில் குவிமாடம்.