குட்டி ரெயின்போ மீன்கள்: முட்டை கிடைத்துவிட்டது, குஞ்சு ஏன் நிற்பதில்லை? (கேள்வி பதில்)

ட்வார்ஃப் நியான் ரெயின்போ, ஃபோர்க்டெயில் புளூ ஐ போன்ற சிறிய வகைகளை வீட்டில் பெருக்க முயல்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். வகையின் பெயர் சொல்லாத இடங்களில் பேச்சு ட்வார்ஃப் நியானைப் பற்றியது.

சேலத்திலிருந்து: அண்ணா, கப்பி, மோலி மட்டும்தான் பெருக்கியிருக்கிறேன். ரெயின்போவில் எதில் தொடங்கலாம்?

ஃபோர்க்டெயிலில் தொடங்குங்கள் தம்பி. பப்புவா நியூகினியின் கிழக்குப் பகுதி மீன் அது. அதன் முட்டை பெரிது, பொரிக்க இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும். அதனால் வெளியே வரும் குஞ்சும் பெரிதாக இருக்கும். ஓரிரு நாளிலேயே ஆர்டீமியா (உப்புநீரில் பொரிக்கும் பொடி இறால்) தின்றுவிடும். ஆயுள் மட்டும் குறைவு, ஏறக்குறைய இரண்டு ஆண்டுதான். வாங்கும்போதே இளம் மீனாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது ட்வார்ஃப் நியான். நியூகினித் தீவின் இந்தோனேசியப் பகுதியில் உள்ள மாம்பரமோ ஆற்றுப் படுகைதான் இதன் ஊர். 1922-இல் வகைப்படுத்தப்பட்டது. முட்டை தாராளமாகக் கிடைக்கும், ஆனால் குஞ்சு பொடி. த்ரெட்ஃபின் என்ற இன்னொரு சிறிய ரெயின்போவின் குஞ்சுக்கு வாய் அதைவிடச் சிறிது. மற்ற இரண்டும் கைவந்த பிறகு அதைத் தொடலாம்.

மதுரை: ஆறு மீன் இருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறது. ஆண், பெண் எப்படிப் பிரிப்பது? எத்தனை வைக்க வேண்டும்?

3 செ.மீ.க்குக் கீழே உள்ள மீனில் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு மேல் வளர்ந்ததும் துடுப்பு ஓரத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் ஆண்; மஞ்சளும் இளம் ஆரஞ்சும் பெண். ஆணுக்கு முதுகும் வயிறும் புடைத்து உடல் அகலமாகும்.

இரண்டு ஆணுக்கு நான்கு பெண் என்ற கணக்கு நன்றாக வேலை செய்யும். போட்டிக்கு இன்னோர் ஆண் இருந்தால்தான் ஆணின் நிறம் ஏறும். ஒற்றைப் பெண்ணை மட்டும் விட்டால் அதைத் துரத்தித் துரத்தியே நலித்துவிடும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி, அதாவது சுமார் 50 லிட்டர், இந்த ஆறுக்குப் போதும். மூடி அவசியம், காலை நேரத் துரத்தலில் தாவி வெளியே விழும்.

திருச்சி: ஜாவா மாஸ் (பாசிச் செடி) போட்டிருக்கிறேன், முட்டையே கண்ணில் படவில்லை.

மாஸில் முட்டை இருக்கலாம், தேடி எடுப்பதுதான் கடினம். கம்பளி நூல் மாப், அதாவது மீன் முட்டை இட ஒரு நூல் கொத்து, கட்டுங்கள். அக்ரிலிக் நூலாக இருக்கட்டும்; பருத்தி நூல் தண்ணீரில் அழுகும். 20 செ.மீ. அட்டையில் நாற்பது, ஐம்பது சுற்று சுற்றி, ஒரு முனையை இறுகக் கட்டி, மறுமுனையை வெட்டிவிடுங்கள். சாயம் போகும்வரை கொதிக்க வைத்து அலசி, கட்டிய முனையில் தெர்மாகோல் துண்டு கோத்து மிதக்க விடுங்கள். கரும்பச்சை நூல் என்றால் முட்டை பளிச்சென்று தெரியும்.

இவை ஒரே நாளில் கொட்டி முடிக்கும் மீன்கள் அல்ல. தினமும் காலை வெளிச்சம் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக இடும். ஒட்டும் இழையோடு முட்டை நூலில் தொங்கும். மாப் போடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே கொசுப்புழு, டாஃப்னியா (நீர்த்தெள்ளு), உறைந்த பிளட்வார்ம் (சிவப்புப் புழு) என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். உலர் தீவனம் மட்டுமே தின்ற பெண் முட்டை இடும். ஆனால் எண்ணிக்கை குறையும், வெள்ளையாகிப் போவதும் மிகும்.

நாகர்கோவில்: எடுத்த முட்டையில் பாதி இரண்டாம் நாளே வெள்ளையாகி, பஞ்சு பிடித்துவிடுகிறது. மருந்து போடலாமா?

வெள்ளையாவது கரு கூடாத முட்டை. பூஞ்சை முதலில் அதில்தான் பிடிக்கும், பிறகு பக்கத்தில் ஒட்டியிருக்கும் நல்ல முட்டைக்குத் தாவும். ஆகவே மருந்தைவிட, தினம் ஒருமுறை பார்த்து வெள்ளையைக் களைவதுதான் முக்கியம். நல்ல முட்டையின் ஓடு கெட்டி. ஈர விரலால் நூலிலிருந்து எடுத்தால் உடையாது.

மெத்திலீன் ப்ளூ 1 சதவீதக் கரைசல் என்றால் லிட்டருக்கு 2 சொட்டு போதும், இளநீலம் தெரிய வேண்டும். முட்டைக்குள் இரண்டு கண் கரும்புள்ளியாகத் தெரிந்ததும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், மறுநாள் இன்னொரு பாதி. பொரிக்கும்போதும் நீலம் தங்கியிருந்தால், குஞ்சுக்காக நாம் விடும் நுண்ணுயிரும் சேர்ந்து சாகும்.

26 டிகிரியில் ஏழு முதல் பத்து நாளில் பொரியும். மாப்பை முழுதாகவே வேறு டப்பாவுக்கு மாற்றுபவர்கள் ஐந்து நாளுக்கு மேல் பெரிய மீனோடு விட வேண்டாம்.

சென்னை: போர்வெல் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1100. கோடையில் தொட்டி 32 டிகிரி காட்டுகிறது. முயற்சி செய்யலாமா?

வளர்க்கலாம். முட்டைக்கு மட்டும் தண்ணீரைச் சரிசெய்யுங்கள். ஒரு பங்கு போர்வெல், மூன்று பங்கு ஆர்.ஓ. கலந்தால் ஏறக்குறைய 300 வரும், அது போதும். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். தாது இல்லாத தண்ணீரில் பிஹெச் நிலைக்காது. 6.5 முதல் 7.5 வரை எங்கே இருந்தாலும் நல்லது, நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதுதான் வேண்டும்.

சூட்டில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது, முட்டை அழுகுவது வேகமாகிறது. மூடியை வலையாக மாற்றி, நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஓட விட்டால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஈரப்பதம் மிகுந்த நாளில் அந்தப் பலனும் குறையும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் பெரிய மீனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஆடிக்குப் பிறகு மாப் போடுவது நல்லது.

கோவை: அண்ணா, மூன்று முறை நாற்பது, ஐம்பது என்று பொரித்தது. நாலாம் நாள், ஐந்தாம் நாள் எல்லாம் போய்விடுகிறது. மைக்ரோவார்ம் (பொடிப் புழு) தான் போடுகிறேன். தண்ணீர் சோதனையில் அம்மோனியா பூஜ்யம். என்ன தவறு?

பட்டினிதான். ரெயின்போவைப் பெருக்குபவர்கள் பாதிப்பேர் இங்கேதான் மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பொரித்த குஞ்சு 3, 4 மி.மீ. ஊசி மாதிரி. மஞ்சள்கரு சொற்பம். ஒரு நாளுக்குள் தின்னத் தொடங்க வேண்டும். வாயோ ஆர்டீமியா நுழையாத அளவு. இன்னொன்றையும் கவனியுங்கள்: அது நீர்ப்பரப்பிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ.க்குள்தான் திரியும், கீழே இறங்கித் தேடாது. நீங்கள் போட்டதாக எழுதியிருக்கும் மைக்ரோவார்ம் நேராகத் தரைக்குப் போய்விடும். குஞ்சு மேலே, உணவு கீழே. அம்மோனியா பூஜ்யமாக இருந்தும் குஞ்சு சாவதற்குக் காரணம் அதுதான்.

முதல் பத்து நாளுக்கு மூன்று உணவு பொருந்தும். ஒன்று இன்ஃபுசோரியா, அதாவது தண்ணீரில் வளரும் நுண்ணுயிர். வைக்கோலைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பிழிந்த தண்ணீரைக் கொஞ்சம் சேர்த்து வெளிச்சத்தில் வையுங்கள். முதலில் கலங்கி நாறும், அது பாக்டீரியா. நாலைந்து நாளில் தெளிந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தூசி நகர்வதுபோலத் தெரியும். அப்போதுதான் உணவு தயார். இரண்டாவது வினிகர் ஈல், வினிகரில் வளரும் பொடிப் புழு. நீரின் நடுவிலும் மேலும் நெளிந்துகொண்டே இருக்கும், நாள் கணக்கில் சாகாது. மூன்றாவது 50 மைக்ரானுக்குக் கீழான பொடித் தீவனம். விரல் நுனியில் ஒட்டியதை மட்டும் பரப்பில் தட்டுங்கள்.

நாளுக்கு ஐந்தாறு தடவை, ஒவ்வொரு முறையும் சிட்டிகைக்கும் குறைவாக. குஞ்சுகளைப் பெரிய தொட்டியில் விடாதீர்கள். 8 முதல் 10 லிட்டர் டப்பாவில் 15 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தால் உணவு எப்போதும் அவற்றின் கண்முன் இருக்கும். பதினான்கு மணி நேரமாவது விளக்கு எரியட்டும். ராம்ஷார்ன் நத்தை நாலைந்து விட்டால் மிஞ்சிய பொடியை அவை தின்னும்.

இவை எல்லாம் மாப் போடுவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். குஞ்சைப் பார்த்த பிறகு வைக்கோலைத் தேடினால் நாலு நாள் தாமதம், குஞ்சு அதுவரை தாங்காது.

ஈரோடு: வினிகர் ஈலை வினிகரிலிருந்து எப்படிப் பிரிப்பது? வடிகட்டியில் எல்லாம் நழுவிப் போகிறது.

வடிகட்டி வேண்டாம். ஆப்பிள் சைடர் வினிகர் பாதி, தண்ணீர் பாதி, ஒரு துண்டு ஆப்பிள். கல்ச்சர் அவ்வளவுதான், ஒரு மாதத்தில் அடர்த்தியாகும். எடுக்கும்போது நீண்ட கழுத்துள்ள பாட்டிலில் கழுத்தின் அடிவரை கல்ச்சரை ஊற்றி, மேலே பஞ்சு அடைத்து, பஞ்சுக்கு மேல் நல்ல தண்ணீர் விடுங்கள். ஆக்சிஜன் தேடிப் புழு இரவோடிரவாகப் பஞ்சைத் தாண்டி மேலே வரும். காலையில் சிரிஞ்சில் உறிஞ்சினால் வினிகர் இல்லாத புழு.

புதுச்சேரி: ஆர்டீமியா எப்போது தொடங்கலாம்? பொரிக்க அளவு?

எட்டாம் நாள் துளி விட்டுப் பாருங்கள். வயிறு ஆரஞ்சாகத் தெரிந்தால் தின்கிறது என்று அர்த்தம். சின்னக் குஞ்சுகளுக்காகப் பழைய உணவையும் இன்னும் ஒரு வாரம் தொடருங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் அயோடின் இல்லாத கல்லுப்பு, அரை டீஸ்பூன் ஆர்டீமியா முட்டை, 26 முதல் 28 டிகிரி, வேகமான காற்று, மேலே விளக்கு. 24 மணி நேரம். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும். வெளிச்சப் பக்கம் திரண்டதைக் குழாயில் இழுத்து, மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுங்கள். நேரமாக ஆக அது தன் கருவையே தின்று சத்திழக்கும்.

யாழ்ப்பாணம்: குஞ்சுத் தொட்டிக் கண்ணாடியில் வெள்ளை நூல்போலக் கைகள் விரித்து ஏதோ ஒட்டியிருக்கிறது. குஞ்சு குறைகிறது.

ஹைட்ரா. செடியோடும் மாஸோடும் வந்து, ஆர்டீமியா தின்று பெருகும். பொடிக் குஞ்சைக் கொட்டிப் பிடிக்கும். குஞ்சு இருக்கும்போது மருந்து வேண்டாம். குஞ்சுகளைக் கோப்பையால் தண்ணீரோடு மொண்டு புதுத் தொட்டிக்கு மாற்றுங்கள்; வலை போடாதீர்கள், உடல் நசுங்கும். பழைய தொட்டியைக் காலி செய்து காய வையுங்கள். மாஸுக்குப் பதில் கொதிக்க வைத்த மாப் பயன்படுத்துவதில் இந்த லாபமும் உண்டு.

திருநெல்வேலி: போஸ்மானி ரெயின்போவும் ட்வார்ஃப் நியானும் ஒரே தொட்டியில் இருக்கின்றன. மாப் போட்டால் முட்டை எடுக்கலாமா?

கூடாது. இரண்டும் மெலனோடீனியா பேரினம், கலந்துவிடும். அந்தக் குஞ்சு வளர்ந்து யாரிடமோ போய், அங்கிருந்து இன்னொருவரிடம் போகும். சில தலைமுறைக்குப் பிறகு எது எது என்று தெரியாது. இந்த மீன்களின் சொந்த இடம் சில ஆறுகளும் ஏரிகளும் மட்டுமே. நம் தொட்டியில் வம்சம் கலப்படமாகாமல் காப்பது நம் கடமை. முட்டைக்கு ஒரு வகை மட்டும் உள்ள தொட்டி வையுங்கள். சோடியையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் வாங்குங்கள். ஒரே ஈட்டில் பிறந்தவற்றையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் முதுகு வளைந்த குஞ்சுகள் கூடும்.

தஞ்சாவூர்: ஆறு வாரம் ஆகிறது. சில 1.5 செ.மீ., சில அரை செ.மீ. கூட இல்லை. எப்போது பெரிய தொட்டியில் விடலாம்?

முட்டை பல நாள் இட்டது, பொரித்ததும் பல நாள். முந்தியது உணவைப் பிடுங்கிக்கொள்ளும். இப்போதே இரண்டாகப் பிரியுங்கள். அடுத்த முறை ஒரு டப்பாவில் ஒரு வார முட்டைக்கு மேல் சேர்க்காதீர்கள். தினம் 10 முதல் 20 சதவீதத் தண்ணீரை, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாக மாற்றுங்கள். 1.5 செ.மீ. உள்ளவை ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்ட 40 லிட்டருக்குப் போகலாம். தாய் மீன்களோடு சேர்க்க 2.5 செ.மீ. ஆகட்டும், அதற்கு முன் விட்டால் வாய்க்குள் போய்விடும்.