இருபது அடி வீதியில் எத்தனை கார்?

கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பதே என் தொழிலாக இருந்தது. அதனால் வண்டி நிறுத்துவது பற்றி வந்த கடிதங்களை ஆசிரியர் என்னிடம் தந்துவிட்டார். சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் இருபது அடி வீதியில் இருக்கிறோம். எங்கள் கார் எங்கள் மதிலை ஒட்டி நிற்கிறது. எதிர்வீட்டுக்காரர் நேர் எதிரே அவர் மதிலை ஒட்டி நிறுத்துகிறார். யாரும் யார் வாசலையும் மறிக்கவில்லை. ஆனாலும் தண்ணீர் லாரி உள்ளே வர மறுக்கிறது. மாமியாருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் நடப்பதால் பயமாக இருக்கிறது. யார் காரை எடுக்க வேண்டும்?
– ஒரு வாசகி, வடவள்ளி

பதில்: அம்மணி, முதலில் ஒரு டேப் எடுத்து அளந்து பாருங்கள். சாதாரணக் கார் என்றாலே அகலம் ஐந்தே முக்கால் அடி வரும். இரண்டு கார் என்றால் பதினொன்றரை. மதிலுக்கும் காருக்கும் நடுவே பக்கத்துக்கு அரை அடி விட்டால் பன்னிரண்டரை அடி போய்விட்டது. மிஞ்சுவது ஏழரை அடி. தண்ணீர் லாரியும் தீயணைப்பு வண்டியும் சுமார் எட்டு அடி அகலம். ஓட்டுநர் கோபக்காரர் என்பதால் வர மறுக்கவில்லை, வண்டி நுழையாது. ஆம்புலன்ஸ் எப்படியோ உரசிக்கொண்டு வந்துவிடும். ஆனால் கார்களுக்கு நடுவே நின்றுவிட்டால் ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்க முடியாது. இதுவும் இருபது அடி முழுதாக இருந்தால்தான். மதிலுக்கு வெளியே செம்பருத்தி நட்டு, அதைச் சுற்றிக் கம்பி வலை கட்டியிருந்தால் அந்த ஏழரையும் கிடையாது.

ஆகவே அந்த வீதியில் ஒரு பக்கம் மட்டும்தான் கார் நிற்க முடியும். நோயாளி உங்கள் வீட்டில் இருப்பதால் பேச்சை நீங்கள்தான் தொடங்க வேண்டும். இரவு அவர் அலுப்போடு வந்து இறங்கும்போது பேசாதீர்கள். ஞாயிறு காலையில் வீட்டுக்குப் போய், “ஏனுங்க, செவ்வாயும் வெள்ளியும் அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம், அந்த இரண்டு நாள் மட்டும் இந்தப் பக்கம் காலியாக இருந்தால் உதவியாக இருக்கும்” என்று கேளுங்கள். இரண்டு நாள் ஒத்துக்கொண்டவரிடம் பிறகு முழு ஏற்பாடு பேசலாம். ஒரு மாதம் உங்கள் பக்கம், மறு மாதம் அவர் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். குடிநீர்க் குழாய் வால்வின் மூடி மேல் மட்டும் எந்த மாதமும் யாரும் நிறுத்த வேண்டாம். தண்ணீர் திறந்துவிட வருபவர் மூடியைத் தூக்க முடியாமல் திரும்பினால் வீதி முழுக்கக் குடம் காயும்.

இன்னொன்றையும் கேட்கிறேன். உங்கள் இரு வீட்டிலும் போர்ட்டிகோ இருக்கிறதா? வரைபடத்தில் ‘கார் நிறுத்துமிடம்’ என்று காட்டி அனுமதி வாங்கிய இடம் அது. நான் வரைந்து கொடுத்த வீடுகளிலேயே அந்த இடத்தில் வாஷிங் மெஷினும் பழைய சோபாவும் ஊஞ்சலும் குடியேறியிருப்பதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். சிலர் சுவர் எழுப்பி ஓர் அறையாக்கி வாடகைக்கும் விட்டுவிட்டார்கள். கார் வெயிலில் வீதியில் நிற்கிறது. ஒரு நாள் ஒதுக்கிச் சாமான்களை அகற்றினாலே பாதி வீதிகளில் இந்தத் தகராறு இருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. பிறருக்கு இடைஞ்சலாக வண்டியை விட்டுச் செல்வதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு தடுக்கிறது. காவல் துறையிடம் சொல்லலாம். ஆனால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். நடு இரவில் அத்தையைத் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டுமென்றால் முதலில் ஓடி வரக்கூடியவர் அந்த எதிர்வீட்டுக்காரர்தான்.

கேள்வி: என் வீட்டுக்கு முன்னால் வேறு யாரும் நிறுத்தாமல் இருக்கக் கல் வைக்கலாமா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: வைக்கக் கூடாது. மதிலோடு உங்கள் சைட் முடிந்தது, அதற்கு வெளியே பொது வீதி. கேட்டை மறித்து நிறுத்தினால் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம், மற்ற இடத்துக்கு உரிமை கொண்டாட முடியாது. தெருவிளக்கு எரியாத இரவில் பைக்கில் வருகிறவர் அந்தக் கல்லில் மோதி விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை. வாடகை வீடு. மின்சார ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறேன். சார்ஜ் போட மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாக வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். நியாயமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஆயிரம் அதிகம். ஒரு கிலோவாட் மணி என்பது ஒரு யூனிட். மூன்று கிலோவாட் மணி பேட்டரி முழுதாக ஏற, வீணாவதையும் சேர்த்து ஏறக்குறைய மூன்றரை யூனிட் ஆகும். கம்பெனிக்குப் போய்த் திரும்ப முப்பது கிலோமீட்டர் என்றால் நாளுக்கு ஒன்றே கால் யூனிட் போதும். மாதம் முப்பத்தைந்து யூனிட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் கொடுத்தாலும் முந்நூற்றைம்பதைத் தாண்டாது. வாய்க்கணக்கு வேண்டாம், அந்தப் பிளக்குக்கு மட்டும் ஒரு துணை மீட்டர் போட்டுத் தருவதாகச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரருக்குத் தீ பற்றிய பயமும் இருக்கும். அது நியாயமான பயம். எர்த் உள்ள பதினாறு ஆம்பியர் பிளக்கை எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுக்காதீர்கள். மாடிப்படிக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போடவே கூடாது. மாடியில் இருப்பவர்கள் இறங்கி ஓட அது ஒன்றுதான் வழி.

கேள்வி: எங்கள் லேஅவுட்டில் பொதுவுக்கு ஒதுக்கிய ரிசர்வ் சைட் புதர் மண்டிக் கிடக்கிறது. சுத்தம் செய்து எல்லோரும் கார் நிறுத்தலாம் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், சரவணம்பட்டி

பதில்: சுத்தம் செய்யுங்கள், கார் நிறுத்தாதீர்கள். பெரிய மனைப்பிரிவில் பத்து சதவீத இடத்தைப் பொதுவுக்கு விட வேண்டும் என்று விதி இருப்பது பூங்காவுக்காகவும் குழந்தைகளின் விளையாட்டுக்காகவும்தான். இன்று பத்து கார், நாளை தகர ஷெட், அதன்பின் ஒருவர் கம்பி வேலி. பொது இடம் இப்படித்தான் கைமாறுகிறது. உங்கள் பகுதி 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய லேஅவுட் என்றால், அந்த இடத்தை ஒப்படைத்து எழுதிய தானப் பத்திரம் பழைய பேரூராட்சியின் பெயரில் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்று போட்டு அதைப் பாருங்கள். பத்திரமே பதியவில்லை என்றால் அதுதான் உங்கள் முதல் அவசரம். லேஅவுட் வரைபட நகலோடு எல்லோரும் கையெழுத்திட்டு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: முகூர்த்த நாள் வந்தால் கல்யாண மண்டபத்துக்கு வருகிறவர்களின் கார்கள் எங்கள் வீதியை அடைத்துவிடுகின்றன.
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: மண்டபம் என்றால் வண்டி நிறுத்தத் தனி இடம் வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகள் சொல்கின்றன. அந்த இடத்தில் பந்தல் போட்டுப் பந்தி நடத்துகிறார்களா என்று பாருங்கள். முகூர்த்த நாள்கள் காலண்டரிலேயே இருப்பதால், முந்தின வாரமே மேலாளரைப் பார்த்து வீதி முனையில் ஒரு காவலாளியை நிறுத்தச் சொல்லுங்கள். அதையும் மீறி உங்கள் கேட்டை யாராவது மறித்தால், மண்டபத்துக்குப் போய் வண்டி எண்ணை மைக்கில் அறிவிக்கச் சொல்லுங்கள்.